கீறலின் அடியில்

பெயிண்ட் முழுக்கக் கெட்டுப்போய் அதனால் துருப்பிடித்த இரும்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பெயிண்ட் நன்றாகவே இருக்கும். போல்ட்டின் விளிம்பில், வெல்டிங் மேட்டில், ஏணி சாய்த்துவைத்த இடத்தில், ஸ்பேனர் கைதவறி விழுந்த இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு காயம் இருக்கும். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும். பல ஆண்டு தாங்கும் என்று நம்பி அடித்த பூச்சு ஒரு விரல் நீளக் கீறலால் இரண்டே மழைக்காலத்தில் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்து, கீறலையே என் தொழிலாக்கிக்கொண்டேன்.

பாலிமர் வேதியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவன் நான். வீட்டுச் சுவருக்கான பெயிண்ட் எங்கள் பிரிவில் கிடையாது. பாலம், கப்பல், எண்ணெய்த் தொட்டி, ரசாயன ஆலை இவற்றுக்கான காப்புப் பூச்சுகள்தான் எங்கள் வேலை. பிரைமர், நடுப்பூச்சு, மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து கால் மில்லிமீட்டர் சுற்றித்தான் வரும். அதற்கு இந்தப் பக்கம் உப்புக்காற்று, அந்தப் பக்கம் இரும்பு.

கீறல் விழுந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கீறலின் அடியில் வெளிப்பட்ட இரும்பு கரையத் தொடங்குகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் இரும்பின் வழியே நகர்ந்து, பக்கத்தில் பெயிண்டுக்கு அடியில் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் சேர்கின்றன. அங்கே காரம் உண்டாகிறது. பெயிண்டுக்கும் இரும்புக்கும் இடையிலுள்ள பிடிப்பை அறுப்பது அந்தக் காரம்தான். துரு அதற்குப் பிறகு வருகிறது. வந்ததும் கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்டு, பிடிப்பு விட்ட பெயிண்டைத் தூக்குகிறது. வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு பழுப்புக் கோடு தெரியும். கத்தியால் நெம்பிப் பார்த்தால் இருபக்கமும் விரலகலத்துக்குப் பெயிண்ட் ஏடாகக் கழன்று வரும். ஆகவே கீறலை மூடுவது என்று நாங்கள் பேசும்போது, மேலே தெரியும் பள்ளத்தை நிரப்புவது இரண்டாம்பட்சம். அடியில் நடக்கும் இந்த ஓட்டத்தை நிறுத்துவதுதான் காரியம்.

இதை ஒருவகையில் செய்துகாட்டிய பூச்சு எங்கள் தலைமுறைக்கு முன்பே இருந்தது. விமானத்தின் அலுமினிய உடலுக்கு அடிக்கும் மஞ்சள் பிரைமரில் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட் இருக்கும். கீறல் விழுந்து ஈரம் பட்டால் அந்த உப்பு மிக மெல்லக் கரைந்து கீறலுக்குள் வரும். வெளிப்பட்ட உலோகத்தின் மேல் குரோமியப் படலமாகப் படிந்து அரிப்பை நிறுத்தும். தானே ஆறுவது என்று இன்று நாங்கள் சொல்லும் வேலை அதுதான். எங்கள் கூடத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், குரோமேட் பிரைமர் அடித்த பேனலில் கத்தியால் கீறி உப்புத் தண்ணீரில் போட்டு, நாள் கணக்கில் பளிச்சென்று இருக்கும் அந்தக் கோட்டை எனக்குக் காட்டினார். அதன் விலை அதை அரைப்பவர்களும் ஸ்ப்ரே செய்பவர்களும் சுரண்டுபவர்களும் கொடுத்தது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தருவது. ஐரோப்பாவில் 2019 ஜனவரிக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் ஸ்ட்ரான்ஷியம் குரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. அந்தத் தடை சரியானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் குரோமேட் விட்டுச்சென்ற இடத்தை அதே அளவு நன்றாக நிரப்பும் ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த வேலையில் இறங்கியவர்கள்தான் அறிவார்கள்.

2001 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் இலினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் வைட், நான்சி சோட்டோஸ், ஜெஃப்ரி மூர் ஆகியோரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. எபாக்சிக்குள் நுண்ணிய கேப்ஸ்யூல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் டைசைக்ளோபென்டாடையீன் என்ற திரவம். வெளியே எபாக்சியில் தூவிவிட்ட கிரப்ஸ் வினையூக்கி. விரிசல் ஓடிவரும்போது கேப்ஸ்யூல் உடையும், திரவம் விரிசலுக்குள் கசியும், வினையூக்கியைத் தொட்டதும் கெட்டியாகிப் பிளவின் இருபக்கத்தையும் ஒட்டும். உடைந்த மாதிரிகள் தங்கள் பழைய உறுதியில் 75 சதவீதம் வரை மீட்டுக்கொண்டன. யாரும் சூடாக்க வேண்டாம், யாரும் தொட வேண்டாம். விரிசல் எங்கே போகிறதோ அங்கேதான் மருந்தும் வெளிவருகிறது. இதைப் படித்த அன்று எங்கள் கூடத்தில் வேறு பேச்சே இல்லை.

அவர்கள் மனத்தில் இருந்தவை விமானத்துக்கும் மற்றவற்றுக்குமான கலப்புப் பொருள்கள். பெயிண்டுக்கு அதே சரக்கு ஒத்துவராது என்பது சீக்கிரம் தெரிந்தது. கிரப்ஸ் வினையூக்கி ருத்தீனியத்தில் ஆனது. பெயிண்ட் டப்பாவில் போடும் விலையில் கிடைப்பதல்ல. எபாக்சியைக் கெட்டியாக்க நாங்கள் சேர்க்கும் அமீன் ஹார்ட்னர் அந்த வினையூக்கியைக் கெடுத்துவிடும். அதனாலேயே இலினாய் குழு பிறகு அதை மெழுகுக்குள் பொதிந்துபோட்டது. சுத்தமான டைசைக்ளோபென்டாடையீன் சுமார் 32 டிகிரியில்தான் உருகும். ஏசி அறையில் கட்டி, வெளியே சென்னை வெயிலில் திரவம். அதன் வாடை வேறு உடுப்பில் ஏறினால் வீடுவரை வரும்.

நாங்கள் திரும்பிப் போனது லின்சீட் ஆயிலுக்கு. ஆளி விதையின் எண்ணெய், பெயிண்ட் தொழிலின் மிகப் பழைய சரக்கு. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித் தானே காய்ந்து ஏடாகும் குணம் அதற்கு இயற்கையிலேயே உண்டு. வினையூக்கியைத் தனியாகத் தூவ வேண்டியதில்லை. எண்ணெயிலேயே துளி கோபால்ட் டிரையர் சேர்த்தால் போதும். உலகில் வேறு பலரும் இதே வழியில் வந்துகொண்டிருந்தார்கள். எண்ணெயைச் சிறையில் வைப்பதுதான் கைத்திறன் கேட்கும் வேலை.

அந்த வேலையை இப்போதும் என் கை மறக்கவில்லை. பீக்கரில் தண்ணீர். அதில் துளிகளைப் பிரித்துவைக்கும் ஒரு பாலிமர், யூரியா, அம்மோனியம் குளோரைடு, கொஞ்சம் ரிசார்சினால். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமில அளவை 3.5-க்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டிரரைச் சுழலவிட்டு எண்ணெயை நூலாக ஊற்றினால் பீக்கர் முழுவதும் கடைந்த மோராக மாறும். ஸ்டிரரின் வேகம்தான் எல்லாம். நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் கண்ணுக்குத் தெரியும் மணிகள். 2000 சுற்று என்றால் பத்து மைக்ரான் அளவுக்குப் பொடி. துளிகள் அடங்கியதும் ஃபார்மால்டிஹைடு ஊற்றி, 55 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றி, நான்கு மணி நேரம் விட வேண்டும். யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து எண்ணெய்த் துளியைச் சுற்றி ஓடு கட்டும். புகைபோக்கிக்கு அடியில் நின்றாலும் கண்ணில் கரிப்பு ஏறும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்தப் பக்கம் யாரையும் விட்டதில்லை.

வடிகட்டிக் கழுவிக் காயவைத்தால் வெள்ளைப் பொடி மிஞ்சும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் பிசுக்கு வரக்கூடாது. வந்தால் ஓடு சரியாகக் கட்டவில்லை என்று பொருள். ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முழு உருண்டைகள். ஓட்டின் உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பை நான் விரும்பி எதிர்பார்ப்பேன், ஏனென்றால் எபாக்சி அதைப் பற்றிக்கொண்டால்தான் கீறல் வரும்போது கேப்ஸ்யூல் உருண்டு விலகாமல் பிளக்கும். ஓட்டின் பருமன் ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு. ஊசியால் ஒன்றைக் குத்தினால், ஓடு கிழிந்து எண்ணெய் கண்ணாடியில் வட்டமாகப் பரவும். கூடத்துக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

பொடியைப் பெயிண்டில் கலந்ததும் வேறு உலகம். எங்கள் ஆலையில் நிறப்பொடியை அரைக்கும் டிஸ்பர்சர் கேப்ஸ்யூல்களை ஒரு நொடியில் நொறுக்கிவிடும். எல்லா வேலையும் முடிந்தபிறகு, மெதுவாகச் சுழலும் துடுப்பில், கடைசியாகத்தான் சேர்க்க வேண்டும். சைலீன் போன்ற கரைப்பான் ஓட்டை ஊறவைத்து எண்ணெயை வெளியே இழுக்கும். இன்று நன்றாக இருக்கும் டப்பா, கோடவுனில் ஒரு கோடையைக் கழித்தபின் எப்படி இருக்கும் என்பதை மாதம்தோறும் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெயின் அடர்த்தி எபாக்சியைவிடக் குறைவு. ஆகவே கேப்ஸ்யூல்கள் மேலே மிதக்கும். டப்பாவின் வாயில் கெட்டியான ஏடாகச் சேர்ந்திருக்கும். பெயிண்டர் அதைக் குப்பை என்று நினைத்து வழித்து எறிந்தால், ஆறும் சக்தி மொத்தமும் குப்பைக்குப் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கணக்கு இருக்கிறது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் தானே ஆறும் பூச்சைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. பூச்சின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய், கேப்ஸ்யூலின் விட்டம் 60 மைக்ரான் என்று வையுங்கள். கீறலின் அகலம் 20 மைக்ரான் என்றால், அது வெட்டித் திறக்கும் கேப்ஸ்யூல்கள் இருபுறமும் சேர்த்து 80 மைக்ரான் அகலப் பட்டையில் இருப்பவை. அவற்றின் எண்ணெய் முழுவதும் வந்தால் கீறலில் பத்தில் நான்கு பங்கு நிரம்பும். அடியில் ஏடு கட்ட அது தாராளம். அதே கீறல் அரை மில்லிமீட்டர் அகலம் என்றால், திறக்கும் பட்டை 560 மைக்ரான். நிரம்புவது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். பெரிய கேப்ஸ்யூல் போடலாமே என்றால் 60 மைக்ரான் தடிமனுள்ள ஓர் அடுக்கில் 150 மைக்ரான் மணி எங்கே உட்காரும்? மேல்பரப்பு முழுக்கப் பருப்பருவாகத் தெரியும். அதிகம் போடலாமே என்றால், போடப்போட பூச்சின் இறுக்கம் குறைந்து தண்ணீர் உள்ளே இறங்கும் வழி கூடும். கீறாத பூச்சு பலவீனப்பட்டால், கீறலை ஆற்றி என்ன பயன்?

இந்தக் கணக்கு தெரிந்தபின், விற்பனைக்காகக் காட்டும் செய்முறைகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஒரு வெளிநாட்டுக் குழு எங்களுக்குத் தங்கள் பூச்சைக் காட்ட வந்தபோது, சவர பிளேடால் மெல்லிய கோடு இழுத்து, அது மறைவதைப் பெரிய திரையில் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. கார்பைடு முனை வைத்த கீறும் கருவியை நான் எடுத்து நீட்டி, இதனால் இழுங்கள் என்றேன். அதற்குத் தனிப் பேனல் கொண்டுவரவில்லை என்றார்கள்.

எங்கள் பேனல்களுக்கு இரண்டு கீறலும் உண்டு. குறுக்கும் நெடுக்குமாக இரும்பு தெரியும்வரை இழுத்து, ஆறுவதற்கு அவகாசம் கொடுத்து, உப்பு மூடுபனிப் பெட்டியில் சாய்த்துவைப்போம். உள்ளே 35 டிகிரி, 5 சதவீத உப்புக் கரைசல் இரவும் பகலும் பனியாக இறங்கும். எடுத்ததும் பார்ப்பது பார்வையே அல்ல. குழாய் நீரில் கழுவி, மொண்ணைக் கத்தியால் கீறலின் ஓரத்தைச் சுரண்ட வேண்டும். பிடிப்பு விட்ட பெயிண்ட் எவ்வளவு தூரம் கழன்று வருகிறதோ, அதை மில்லிமீட்டரில் அளப்பதுதான் முடிவு. மேலே மூடி அழகாகத் தெரிந்த கோட்டுக்கு அடியில் துரு பரந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பழுப்பேறி அசிங்கமாகத் தெரிந்த கோட்டின் ஓரத்தில் கத்தி நுழையவே மறுத்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பேனல்தான் எனக்கு வேண்டும். புகைப்படத்தை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லும் அறிக்கைகளை நான் இன்றுவரை நம்புவதில்லை.

சுரண்டாமல் உள்ளே பார்க்க மின்மறுப்பு அளவை உண்டு. பூச்சின் மேல் உப்புத் தண்ணீரை நிறுத்தி, மிகச் சிறிய மாறுமின்னழுத்தம் கொடுத்து, அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. நல்ல பூச்சு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி ஓமுக்கு மேல் தடுக்கும். பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கினால் பாதுகாப்புப் போய்விட்டது. கீறிய உடனே எண் சரிந்து விழும். எண்ணெய் கசிந்து காயக்காய மணிக்கு மணி அது மெல்ல ஏறும். பழைய உயரத்துக்கு அது திரும்புவதே இல்லை. ஆனால் ஏறுகிறதா, ஏறி நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இரவு வீட்டுக்குப் போகாமல் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எங்கள் கூடத்தில் நான் மட்டும் அல்ல.

2009-ல் இலினாய் குழுவே பெயிண்டுக்கென்று ஒரு வழி காட்டியது. இந்தமுறை கேப்ஸ்யூலில் சிலிக்கோன், உடன் தகர வினையூக்கி. கீறிய எஃகுத் தகடுகளை உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்தார்கள். சாதாரணப் பூச்சு 24 மணி நேரத்துக்குள் துருவேறியது. ஆறும் பூச்சு 120 மணி நேரத்துக்குப் பிறகும் துரு காட்டவில்லை. ஈரத்திலும் காற்றிலும் கெடாமல் வேலை செய்யும் இந்தச் சரக்கு, எங்கள் எண்ணெயின் பெரிய குறையைக் காட்டிக்கொடுத்தது. லின்சீட் ஆயில் காயக் காற்று வேண்டும், நேரம் வேண்டும். அடைமழையில் விழுந்த கீறலுக்கு இரண்டும் கிடையாது. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் இன்னொரு திசையில் போனார்கள்: ஐசோசயனேட்டைக் கேப்ஸ்யூலில் அடைத்தார்கள். அது தண்ணீரோடு சேர்ந்தே கெட்டியாகும். கடல்நீர் புகும் இடத்தில் கடல்நீரையே கடினமாக்கியாகப் பயன்படுத்தும் அந்த யோசனையை நான் மனதாரப் பாராட்டுவேன். ஆனால் ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதிப்பது. உடையும் ஓடுகளில் அதை அடைத்துப் பெயிண்டர் கையில் கொடுப்பதற்கு முன், அவர் முகக்கவசம் போடும் சூழலில் வேலை செய்கிறாரா என்று கேட்க வேண்டும். நம் ஊர்ச் சாரங்களில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஷுகின், மோவால்ட் ஆகியோர் பள்ளத்தை நிரப்பும் எண்ணத்தையே விட்டுவிட்டு, குரோமேட் செய்த வேலையை நஞ்சில்லாமல் செய்ய முயன்றார்கள். நுண்ணிய கலன்களுக்குள் பென்சோடிரையசோல் போன்ற அரிப்புத் தடுப்பான். அரிப்பு தொடங்கும் இடத்தில் அமில–கார அளவு மாறும் அல்லவா, அந்த மாற்றம் பட்டதும் கலன் திறக்கும். கீறல் எவ்வளவு அகலம் என்ற கணக்கு இங்கே அவ்வளவு இறுக்குவதில்லை, ஏனென்றால் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்தாலே போதும். எனக்கு இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

கார் வைத்திருப்பவர்கள் தானே ஆறும் பூச்சு என்றதும் வேறொன்றை நினைப்பார்கள். நிசான் 2005-ல் கீறல் மறையும் மேல்பூச்சை அறிவித்தது. இப்போது நம் ஊர்களிலும் கார்மேல் ஒட்டும் பாலியூரிதேன் ஃபிலிம் கிடைக்கிறது. கொதிநீர் ஊற்றினாலோ வெயிலில் நிறுத்தினாலோ மெல்லிய வட்டக் கீறல்கள் மறைந்துவிடும். அங்கே கேப்ஸ்யூல் இல்லை, மருந்து இல்லை. பூச்சின் பாலிமர் சங்கிலிகள் வலைபோலப் பின்னி, அதே நேரம் நெகிழ்வாக இருக்கின்றன. கீறல் என்பது பொருள் அறுந்த இடம் அல்ல, அமுங்கிய இடம். சூடு பட்டதும் சங்கிலிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பும் என்பது அதன் பெரிய பலம். கேப்ஸ்யூல் ஒருமுறை உடைந்தால் முடிந்தது.

அறுந்த பிணைப்பே மறுபடி சேர்வதும் உண்டு. 2002-ல் பிரெட் வுட்ல் குழு ஃபியூரானும் மாலிமைடும் கொண்டு செய்த பாலிமர், சூடாக்கினால் பிணைப்பு அவிழ்ந்து, ஆறும்போது மறுபடி பிணையும். 2008-ல் பாரிசில் லூட்விக் லைப்லர் குழு தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து செய்த ரப்பர், வெட்டிய இரண்டு முகங்களையும் அறை வெப்பத்திலேயே சேர்த்துவைத்தால் ஒட்டிக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று அது. ஆனால் முகங்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். இரும்பில் ஒட்டிய பூச்சில் கீறலின் இரு கரைகளும் தொடுவதே இல்லை. நடுவில் இருந்த சரக்கு சுரண்டப்பட்டுப் போய்விட்டது.

இன்னும் அடிப்படையான இழுபறி ஒன்றும் உண்டு. ஆற வேண்டுமென்றால் சங்கிலிகள் நகர வேண்டும். காக்க வேண்டுமென்றால் அவை நகரக்கூடாது. இறுகி நின்றால்தான் தண்ணீரும் ஆக்சிஜனும் நுழைய வழியில்லாமல் போகும். காரின் மேல் ஒட்டும் ஃபிலிமுக்குக் கீழே ஏற்கெனவே முழுப் பெயிண்ட் இருக்கிறது, ஆகவே அது நெகிழ்வாக இருக்கலாம். பாலத்தின் பிரைமர் அப்படி இருக்க முடியாது. இதனால்தான் ஒரே பூச்சில் எல்லாம் என்று சொல்பவர்களிடம் நான் தயங்குகிறேன். கீழே இறுகிய எபாக்சி, அதில் தடுப்பான் கலன்கள். மேலே நெகிழும் பூச்சு. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை என்று பிரித்துக் கொடுப்பதே சரி.

இவற்றையெல்லாம் வெயிலில் நிறுத்திப் பார்க்க நான் போகும் இடம் மண்டபம். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அங்கே அரிப்புச் சோதனை நிலையம் உண்டு; நாட்டில் உலோகம் மிக வேகமாக அரிபடும் இடங்களில் ஒன்று அந்தக் கரை. கொஞ்ச தூரத்தில் பாம்பன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் அந்தக் காற்றில் நின்றதற்குக் காரணம் எந்த அதிசயப் பூச்சும் அல்ல. விடாமல் சுரண்டி விடாமல் பெயிண்ட் அடித்த ஆட்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அது தானே ஆறும் வகை அல்ல. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த முதுகெலும்பு, சாதாரணப் பாலிமரின் கார்பன் பிணைப்பைவிட வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். அதுதான் அதன் பலம். அந்தத் தேர்வை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்கள் தொங்கி வேலை செய்யும் உயரத்தில், கீழே கடல் ஓடும் இடத்தில், நிரூபித்த சரக்கைத்தான் போட வேண்டும்.

அந்தக் கரையில் ஒரு கட்டுமானத்தில் மறுபூச்சு வேலை நடந்தபோது, எங்கள் சோதனைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மூத்த பெயிண்டரிடம் பூச்சு எப்படி ஆறுகிறது என்று விளக்கினேன். உப்புத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

“நல்லதுதான் சார். ஆனா கீறல் தானா மூடிக்கிச்சுன்னா, அது எங்க விழுந்துச்சுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது? இப்பவாச்சும் துரு தெரியுது, போய்ச் சுரண்டி அடிக்கிறோம்.”

“மூடினதுதான் நல்லா இருக்கே அண்ணே, அங்க ஏன் திரும்ப அடிக்கணும்?”

“ஒரு தடவ மூடும். அடுத்த தடவ?”

கேப்ஸ்யூல் ஒருமுறைதான் உடையும் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவராகவே அங்கே வந்து நின்றார். தன் கையால் பழுதுபார்க்கும் மனிதர் எதைக் கேட்பாரோ அதைத்தான் கேட்டார். எங்கள் கூடத்தில் யாரும் அதுவரை அந்தக் கேள்வியை அவ்வளவு நேராக வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, தானே ஆறும் பூச்சு என்பதைப் பெயிண்டரை வேண்டாமென்று அனுப்பிவைக்கும் பொருளாக நான் நினைப்பதில்லை. கீறல் விழுந்த நாளுக்கும் அவர் வந்து சேரும் நாளுக்கும் இடையில் அரிப்பை நிறுத்திவைக்கும் பொருள் அது. ஒரு மழைக்காலம் தாங்கினால் போதும். ஆனால் எங்கே தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அது அவருக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லும் வழியும் இருக்கிறது. 2016-ல் அதே இலினாய் குழு, ஒரு சாயத்தைக் கேப்ஸ்யூலில் அடைத்து எபாக்சியில் கலந்தது. கீறல் விழுந்து சாயம் கசிந்தால், எபாக்சியில் மீந்திருக்கும் அமீனைத் தொட்டு வெளிர் மஞ்சளிலிருந்து சிவப்பாக மாறும். பத்து மைக்ரான் கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியும். நாங்களும் அந்த வழியில் கலந்து பார்க்கிறோம். கூடத்தில் நன்றாகத் தெரிகிறது; வெயிலில் சாயம் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு மண்டபத்துச் சட்டங்களில் நிற்கும் பேனல்கள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் கேள்வியின் இரண்டாம் பாதி, அடுத்த தடவைக்கு என்ன என்பது, இன்னும் கடினமானது: அவர் வந்து மறுபடி அடிக்கும்போது, ஆறிய இடத்தின் மேல் புதுப் பெயிண்ட் பிடிக்குமா? எங்கள் தொழிலில் சிலிக்கோன் எண்ணெய் என்றால் நடுங்குவார்கள். ஸ்ப்ரே அறையில் ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகிக் குழிகுழியாக நிற்கும். சிலிக்கோன் கசிந்து ஆறிய கீறல், உப்புத் தண்ணீரில் எவ்வளவு நன்றாகத் தாங்கினாலும், மறுபூச்சு அடிக்க வருபவருக்கு எதிரி. லின்சீட் ஆயிலில் அந்தத் தொல்லை இல்லை. வேறொன்று உண்டு: மேலே ஏடு கட்டி, உள்ளே காயாமல் பிசுபிசுப்பாக நின்றால் அதன்மேல் அடித்ததும் நிற்காது.

ஆகவே இப்போதைய வேலை இது. பேனலைக் கீறுகிறோம், ஆறவிடுகிறோம், சில வாரம் உப்புப்பனியில் வைக்கிறோம். பிறகு பெயிண்டர் செய்வதுபோலவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, புது எபாக்சி அடித்து ஏழு நாள் காயவிடுகிறோம். அதன்மேல் உலோக டாலியை ஒட்டி, கருவியால் செங்குத்தாக இழுத்து, எத்தனை மெகாபாஸ்கலில், எந்த அடுக்கில் பிய்கிறது என்று பார்க்கிறோம். எண்ணெய் முழுக்கக் காய்ந்த பேனல்களில் ஆறிய இடம் விட்டுக்கொடுப்பதில்லை. காயாதவற்றில் பிளவு நேரே அந்த அடுக்கில்தான் வருகிறது. மறுபூச்சுக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும், மழைக்காலத்தில் எத்தனை நாள், கோடையில் எத்தனை நாள் என்ற எண்களைத் தரவுத்தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். டப்பாவில் மிதக்கும் ஏட்டை வழித்து எறிய வேண்டாம் என்ற வரியும் அதே தாளில், தமிழில், முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.